5000 எம்ஏஎச் சின்ன பவர் பேங்க்: எங்கட பக்கத்துக்கு இது காணுமா?

வாவிக்கரையான் (மட்டக்களப்பு):
பவர் பேங்க் பத்தி ஆரு கேட்டாலும் "5000 எல்லாம் வேஸ்ட், 20000 எடு" எண்டு ஒரே பதில்தான் வருது (எம்ஏஎச் கணக்கு, பெற்றி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் எண்ட அளவு), அதுக்கு மாறா ஒண்டு எழுதணும் எண்டு கன நாளா யோசிச்சிக்கொண்டு இரிந்தன். நான் கொஞ்ச காலமா பாவிக்கிறது ஒரு சின்ன 5000. கம்பனிட பேர் இப்ப முக்கியம் இல்ல, இந்த சைஸ்ல வாற நல்ல சாமான் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான். டைப் சி ஓட்டை ஒண்டு, அதாலதான் ஏத்துறதும் எடுக்கிறதும், பக்கத்தில பழைய யூஎஸ்பி ஓட்டை ஒண்டு, கூடினது 10 வாட். நூறு கிராமுக்கு கொஞ்சம் மேல பாரம். சேர்ட் பொக்கெட்ல போட்டுத்து கல்லடிப் பாலத்தால நடந்தா இரிக்கிறதே தெரியாது.

ஆக்கள் பிழையா விளங்கிற இடம் இதுதான். பெட்டியில 5000 எண்டு இரிக்கு, என்ட போன் பெற்றியும் 5000, அப்ப ஒருக்கா ஃபுல்லா ஏறணும்தானே எண்டு நினைக்கிற. ஏறாது. கம்பனி பொய் சொன்னதாலயும் இல்ல. அந்த 5000 உள்ளுக்க இரிக்கிற செல்லுக்கு, 3.7 வோல்ட்ல உள்ள கணக்கு. 3.7ஐ 5ஆல பெருக்கினா 18.5 வாட் அவர், அதுதான் உள்ளுக்க இரிக்கிற மொத்தச் சத்து. வெளிய குடுக்கிற நேரம் 5 வோல்ட்டுக்கு உயத்தித்தான் குடுக்குது, உயத்துறதில கொஞ்சம் சூடாப் போயிரும், கேபிள்ல கொஞ்சம் போகும், மறுகா போனுக்குள்ள போய் பெற்றியில ஏறக்குள்ளயும் கொஞ்சம் போகும். ஒரு மூட்டை நெல்லைக் குத்தினா ஒரு மூட்டை அரிசி வராதுதானே.

நான் யூஎஸ்பி மீற்றர் போட்டு அளந்தன். 1 அம்பியர்ல முழுசா இறக்கினா 5 வோல்ட் பக்கம் 3180 எம்ஏஎச் வெளிய வந்தது, அதாவது 15.9 வாட் அவர். 18.5ல 86 வீதம். இது நல்ல கணக்கு. இதைவிட கனக்கக் கூட வருது எண்டு ஆரும் சொன்னா மீற்றரைத்தான் பாக்கணும். போன்ல பாத்தா, 5000 பெற்றி உள்ள சம்சுங் 12 வீதத்தில இரிந்து 78 வரைக்கும் ஏறிச்சு, ஸ்கிரீன் ஓஃப் பண்ணி வெச்சிதான். வீடியோ பாத்துக்கொண்டு போட்டா இது வராது. ஐபோன் 13 மாதிரி சின்ன பெற்றி உள்ள போனுக்கு எண்டா ஒருக்கா ஏறக்குறைய நிறையும்.

அப்ப என்ட முடிவு என்னெண்டா, காலையில வெளிக்கிட்டு இரவைக்கு வீட்ட வாற ஆளுக்கு இது காணும். அரைவாசிக்கு மேல ஒருக்கா ஏத்த ஏலுமெண்டா அந்த நாள் ஓடிரும். வீட்ட அலுமாரிக்குள்ள கிடக்கிற 20000ஐ விட பொக்கெட்ல இரிக்கிற 5000தான் ஆபத்துக்கு உதவுது. கடையில வாங்கக்குள்ள பெரிய எழுத்தைப் பாக்காம பின்னுக்கு சின்ன எழுத்தில "ரேட்டட் கபாசிட்டி", அதாவது வெளிய வாற அளவு, எண்டு இரிக்கிறதப் பாருங்க. நல்ல சாமான்ல 5000க்கு 3000 சொச்சம் எண்டு அவங்களே போட்டிருப்பாங்க. அது போடாத சாமானை நான் எடுக்க மாட்டன்.

கல்முனை_ரிப்பேர்:
நல்ல பதிவு தம்பி. நான் போன் திருத்துற கடை வெச்சிரிக்கன், பழுதாப்போன பவர் பேங்க் கனக்கக் கழட்டிப் பாத்த ஆள், அதால உள்ளுக்க இரிக்கிறதச் சொல்றன்.

சின்ன பவர் பேங்க்ல ரெண்டு வகை. ஒண்டு உருளை செல், டோர்ச்சுக்குப் போடுற மாதிரி. 18650 எண்ட சைஸ் எண்டா ஒரு செல்லுக்கு 3500 எம்ஏஎச் அளவுதான் நல்ல கம்பனிக்காரன் குடுக்கிறது, 9900 எண்டு மஞ்சள் உறை போட்டு விக்கிறானே, அது சுத்தப் பொய். 21700 எண்ட கொஞ்சம் பெரிய செல்லுல 5000 வரும், அது ஒண்டே எழுவது கிராம் வரும். லிப்ஸ்டிக் மாதிரி நீளமா வாறதுக்குள்ள அதுதான் இரிக்கும். மற்ற வகை தட்டையான பொலிமர் பை, காட் மாதிரி மெல்லிசா வாறது. மெல்லிசு பொக்கெட்டுக்கு வசதி, ஆனா பின் பொக்கெட்ல வெச்சித்து இரிக்கப்படா, பை மடங்கினா உள்ளுக்க ஷோட் ஆகும்.

இதால பாரத்தப் பாத்தே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். 20000 எண்டு எழுதினது கையில எடுத்தா 150 கிராம் கூட இல்லையெண்டா அது 20000 இல்ல, உண்மையான 20000 முன்னூறு கிராமுக்கு மேல வரும். ஆனா பாரமா இரிந்தாலும் நம்ப ஏலாது. ஒருக்கா ஒரு பெரிய பெட்டியக் கழட்டினன், உள்ளுக்க ஒரு செல், மிச்சம் எல்லாம் பாரத்துக்கு வெச்ச மண் பை. கொண்டுவந்த பொடியன் அத வாங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான் எண்டு நினைக்க எனக்கு சரியான கவலையா இரிந்தது. பொய் 20000க்குக் குடுக்கிற காசுக்கு உண்மையான 5000 ஒண்டு எடுக்கலாம், கடைசியில அதுதான் கூடச் சார்ஜும் குடுக்கும்.

படுவான்_பொடியன்:
அண்ணன், டவுன்ல இரிக்கிற ஆக்களுக்கு இது சரி. எங்கட பக்கம் வந்து பாருங்க. வெள்ளாமை நேரம் இரவு முழுக்க வட்டையில, வயல்வெளியில காவல், ஆனை வாற பக்கம், டோர்ச்சும் போனும் செத்தா ஆளும் செத்தான். மாரி வந்தா றோட்டுல தண்ணி, கரண்ட் போனா எப்ப வரும் எண்டு சொல்ல ஏலாது. டித்வா புயல் நேரம் எங்கட வீட்டில கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல, வெளிநாட்டில இரிக்கிற ஆக்கள் எடுத்து எடுத்துப் பாத்து அழுதிரிக்காங்க. அந்த நேரம் 5000ஐ வெச்சி என்ன செய்யிற? எனக்கு 20000க்குக் குறைஞ்சது சரிவராது.

வாவிக்கரையான்:
தம்பி, நீங்க சொல்றது நியாயம், வெள்ளத்துக்கு வீட்டில பெரிசு ஒண்டு இரிக்கத்தான் வேணும். மட்டக்களப்பில பிறந்தவனுக்கு 1978 சூறாவளிக் கதைய தாய் தகப்பன் சொல்லாம இரிந்திருப்பாங்களா, ஐப்பசி கார்த்திகை வந்தா ஆயத்தமா இரிக்கிறதுதான் சரி.

ஆனா பெரிசு எடுக்கிற ஆக்கள் ஒரு விசயத்தப் பாக்கிறல்ல. அத நிறைக்க எவ்வளவு நேரம்? 20000 எண்டா 74 வாட் அவர். அதுட இன்புட், அத ஏத்துற வேகம், 10 வாட் எண்டா, சூடாப் போறதையும் சேத்தா ஒன்பது பத்து மணித்தியாலம் கரண்ட் வேணும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினானே, ஞாபகம் இரிக்கா? அதுவும் ஒரேயடியா இல்ல, விட்டு விட்டு. அந்த இடைவெளிக்குள்ள 20000 ஒரு நாளும் நிறையல்ல. என்ட 5000 ரெண்டரை மூண்டு மணித்தியாலத்தில நிறைஞ்சிரும். அப்பிடியான காலத்தில எனக்கு சின்னதுதான் கை குடுத்தது. நீங்க 20000 எடுக்கிறெண்டா எடுங்க, இன்புட் 18 வாட்டோ அதுக்கு மேலயோ இரிக்கா எண்டு பாத்து எடுங்க, வேகமா ஏத்துற சார்ஜரும் சேத்து வாங்கணும், பழைய 5 வாட் சார்ஜரக் குத்தினா பதினெட்டு இருபது மணித்தியாலம் போகும்.

வட்டைக்கு இன்னொண்டு சொல்றன். அங்க கொண்டுபோறது பட்டன் போனா? பட்டன் போன் பெற்றி 1000 எம்ஏஎச் அளவுதான். என்ட 5000 அத மூண்டு தரம் நிறைச்சித்து மிச்சமும் வெச்சிரிக்கும்.

படுவான்_பொடியன்:
பட்டன் போன்தான் அண்ணன் காவல் வாடிக்கு. டச் போனைப் பனியில கொண்டுபோற இல்ல. அந்தக் கணக்க நான் யோசிக்கல்ல, அப்ப அதுக்கு சின்னது காணும்தான். டோர்ச்சும் இப்ப டைப் சில ஏத்துறது வந்திரிக்கு.

வெல்லாவெளி_அக்கா:
நான் மருத்துவமாது, வீடு வீடாப் போற வேல. என்ட பையில ஏற்கனவே பதிவுப் புத்தகம், தராசு, தண்ணிப் போத்தல், குடை எல்லாம் இரிக்கு, அதுக்குள்ள செங்கல் மாதிரி ஒண்டக் கொண்டுபோக ஏலாது. 10000 ஒண்டு வாங்கி ஒரு மாசம் தூக்கினன், பொறகு வீட்டிலயே கிடந்தது, மகன் கேம் விளையாட எடுத்துத்தார். போன மழைக்கு ஒரு பிள்ளைத்தாச்சிட வீட்டில இரிந்து அம்பியுலன்ஸுக்கு எடுக்க வேண்டி வந்த நேரம் போன் 4 வீதம். கோல் போனது, அந்தப் பிள்ளையும் குழந்தையும் சுகமா இரிக்காங்க, ஆனா அந்த நடுக்கம் எனக்கு இன்னும் போகல்ல. அண்டைக்குப் பொறகுதான் சின்னது வாங்கினன். அது பேர்ஸுக்குள்ளயே கிடக்கும், வீட்ட வந்து போனோட சேத்துக் குத்திருவன்.

ஒரு கேள்வி. கேபிள் உடம்போடயே சேந்து வாறது நல்லமா, தனிக் கேபிளா? கேபிளை மறந்துத்துப் போறது எனக்கு வழமை.

கல்முனை_ரிப்பேர்:
அக்கா, உங்கட வேலைக்கு கேபிள் சேந்து வாறதுதான் தோது. ஆனா ரெண்டு சாதி இரிக்கு. கைப்பிடி வார் மாதிரி சுத்தி வாற குட்டிக் கேபிள் நல்லம். ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு இரிந்து போனுக்கு அடியில நேரா குத்துற சாமான் பாக்க வடிவு, ஆனா அத குத்தித்து கதைச்சா, பையில போட்டா, போன்ட சார்ஜிங் போட் ஆடும். நான் மாத்துற போட்கள்ல அப்பிடி ஆடிப்போனதுகளும் இரிக்கு. கேபிள் பிய்ஞ்சா என்ன செய்யிற எண்டும் பாருங்க, தனியா ஒரு டைப் சி ஓட்டையும் இரிக்கிறதா எடுத்தா பொறகு வேற கேபிள் போட்டுக்கொள்ளலாம்.

உகந்தைப்பாதை (திருக்கோவில்):
கதிர்காமப் பாதயாத்திரை போற ஆக்களுக்காக எழுதுறன். உகந்தையால காட்டுக்குள்ள இறங்கினா குமண, கும்புக்கன் ஆறு, யால எண்டு போய் கதிர்காமம் வாற வரைக்கும் பிளக் பொயின்ற் ஒண்டும் இல்ல. ஆனி ஆடி வெயில், தலையில தோள்ல எல்லாச் சாமானும், தண்ணியே பெரிய பாரம், அதுக்குள்ள ஒவ்வொரு நூறு கிராமும் கணக்குத்தான். முருகனை நினைச்சி நடக்கிற வழியில போன் என்னத்துக்கு எண்டு பெரியாக்கள் கேப்பாங்க, அதுவும் சரி, ஆனா வயசான ஆக்களக் கூட்டிப்போற ஆளுட கையில ஒரு போன் உயிரோட இரிக்கணும் எண்டு நான் நினைக்கிறன்.

என்ட அனுபவத்தில ஆளுக்கொரு 20000 தேவையே இல்ல. காட்டுக்குள்ள கூடுதலான இடத்தில சிக்னல் இல்ல. சிக்னல் இல்லாத இடத்தில போன் சும்மா இரிக்காது, டவரைத் தேடித் தேடியே பெற்றியக் குடிச்சிரும். ஏரோபிளேன் மோட்ல போட்டு வெச்சா, ஸ்கிரீனைக் குறைச்சா, அந்திக்கு ஒருக்கா தங்கிற இடத்தில எடுத்துப் பாத்தா, ஒரு சின்ன 5000ஓட தாராளமாக் காலம் போகும். எங்கட கூட்டத்தில ரெண்டு மூண்டு பேர் சின்னதுகளப் பிரிச்சிக் கொண்டுபோவம். ஒரு பெரிசு ஆத்துக்குள்ள விழுந்தா எல்லாம் போச்சு, மூண்டு சின்னதில ஒண்டு விழுந்தா மற்றது இரிக்கும். பொலித்தீன் பைக்குள்ள ரெண்டு சுத்துச் சுத்தி வெக்க வேணும்.

முதுகில சோலார் தட்டு ஒட்டின பவர் பேங்க் வாங்கிப்போற பொடியன்மாரும் இரிக்காங்க. அந்தச் சின்னத் தட்டு உள்ளங்கை அளவு, மர நிழலுக்குள்ள ஒண்டும் ஏறாது. வெயில்ல போட்டா ஏறுறதக் காட்டிலும் சூடாகிறதுதான் கூட, லித்தியம் பெற்றிக்கு சூடு ஆகாது. அதுக்குக் குடுக்கிற காசுக்கு ரெண்டாவது 5000 வாங்கலாம்.

ஏறாவூர்_மச்சான்:
நான் டுபாயில வேல, லீவுக்கு வந்து போற ஆள். பிளைட்ல போற ஆக்கள் இதக் கட்டாயம் தெரிஞ்சி வெச்சிக்கங்க. பவர் பேங்க் செக்-இன் பண்ணுற லக்கேஜ்ல போடக்கூடா, கையில கொண்டுபோற பேக்லதான். 100 வாட் அவருக்குள்ள இரிக்கணும், அது 3.7 வோல்ட் கணக்கில 27000 எம்ஏஎச் வரும், அதால 5000க்கு பிரச்சினையே இல்ல. ஆனா எமிரேட்ஸ்ல 2025 ஒக்டோபர் 1ல இரிந்து ஒராளுக்கு ஒண்டுதான், பிளைட்டுக்குள்ள அதால போனுக்கு சார்ஜ் போடவும் ஏலா, அத சீற்றுட பிளக்ல குத்தி ஏத்தவும் ஏலா, மேல சாமான் வெக்கிற தட்டில வெக்கவும் ஏலா, சீற்றுக்கு அடியிலயோ முன் பொக்கெட்லயோதான். கபாசிட்டி எழுத்து அதில தெரியணும். எழுத்து அழிஞ்ச பழைய சாமானக் கொண்டுபோய் எயார்போட்ல நிண்டு சண்டை பிடிக்க வேணாம் நானாமாரே. சிங்கப்பூர் எயார்லைன்ஸும் 2025 ஏப்ரல்ல இரிந்து பிளைட்டுக்குள்ள பாவிக்கிறத நிப்பாட்டித்து.

மட்டக்களப்பில இரிந்து உதயதேவில கொழும்புக்குப் போற நாள் வேற கணக்கு, பகல் முழுக்க ட்ரெயின்ல, அண்டைக்கு 10000தான் தோது. வீட்டில ரெண்டும் இரிக்கட்டும்.

ஒலுவில்_கேம்பஸ்:
ரெண்டு விசயம் கேக்கணும். ஒண்டு, காந்தம் ஒட்டுற வயர்லெஸ் 5000 நல்லமா? மற்றது, என்ட இயர்பட்ஸ் பெட்டிய இதில குத்தினா கொஞ்ச நேரத்தில ஓஃப் ஆகுது, பழுதா?

வாவிக்கரையான்:
பழுதில்ல தங்கச்சி. பவர் பேங்க் கொஞ்சமா கரண்ட் இழுக்கிற சாமானப் பாத்தா, ஒண்டும் குத்தல்ல எண்டு நினைச்சி தன்பாட்டில நிண்டுரும். சில மொடல்ல பட்டனை ரெண்டு தரம் அமத்தினா குறைஞ்ச கரண்ட் மோட் வரும், இயர்பட்ஸ், ஸ்மார்ட் வோச் எல்லாம் அதில ஏறும். அதோட வந்த புத்தகத்தில பாருங்க, அந்த வசதி இல்லாட்டி சின்ன சாமானுக்கு அது சரிவராது.

வயர்லெஸ் பத்தி நான் நேராச் சொல்றன், 5000ல அது வேணாம். கேபிளால போட்டாலே முழுசும் வராத இடத்தில காந்தத்தால குடுத்தா இன்னும் கனக்க சூடாப் போகும், போன்ட முதுகும் சேந்து சுடும். எங்கட ஊர் பகல் சூட்டில போன் தானாவே சார்ஜை மெதுவாக்கிரும். குளிர் ஊர்ல, ஏசி ஒபிசில இரிக்கிற ஆளுக்கு வசதியா இரிக்கும், கேம்பஸ் பஸ்ல போற பிள்ளைக்கு காசுதான் நட்டம்.

கல்முனை_ரிப்பேர்:
சூடு எண்டதால நானும் ஒண்டு சேக்கிறன், இது எல்லாத்தையும் விட முக்கியம். ஓட்டோட முன் கண்ணாடிக்குக் கீழயும் மோட்டர்சைக்கிள் சீற்றுக்கு அடியிலயும் பவர் பேங்க வெக்காதீங்க. சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கம் கடற்கரையில வெயிலுக்க நிப்பாட்டின ஓட்டோக்குள்ள இரிந்தது ஊதிப்போய் என்னட்ட வந்திரிக்கு. மீனுக்குப் போற ஆக்கள்ட சாமானுக்கு வேற வருத்தம், உப்புக் காத்து பட்டு ஓட்டைக்குள்ள பச்சையா கறள் பிடிக்கும். அப்பிடிப் பிடிச்சத அப்பிடியே குத்தினா பின் சுடும், கரண்டே இல்லாத நேரம் துப்புரவாக்கித்துத்தான் பாவிக்கணும்.

கன நாள் பாவிக்காம வெக்கிறெண்டா ஃபுல்லாவும் வெக்காம வெறுமையாவும் வெக்காம பாதியில வையுங்க, ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து ஏத்துங்க. மாரிக்கு எண்டு எடுத்து வெச்சது மாரி வாற நேரம் செத்துக் கிடக்கிறது இதாலதான்.

பேர் போன கம்பனி எண்டாலும் மொடல் நம்பரைப் பாருங்க. 2025 ஜூன்ல அங்கர் கம்பனி பவர்கோர் 10000, ஏ1263 எண்ட மொடல அமெரிக்காவில பதினொரு லட்சத்துக்கு மேல திரும்பக் கேட்டது, சூடாகித் தீப்பிடிக்கலாம் எண்டு. சொந்தக்காரர் வெளிநாட்டில இரிந்து அனுப்பினதுகள்ல அந்த மொடலும் இரிக்க ஏலும். நம்பரைத் தேடிப் பாருங்க.

படுவான்_பொடியன்:
வீட்டுக்கு 18 வாட் இன்புட் உள்ள 20000 ஒண்டு, வாடிக்கு சின்னது ஒண்டு எண்டு முடிவெடுத்திரிக்கன். வை-ஃபை ரவுட்டர சின்னதால ஓட்டலாமா? மற்றது பழைய ஒண்டு வீட்ட கிடக்கு, வயிறு ஊதி மூடி பிளந்திரிக்கு, ஆனா இன்னும் சார்ஜ் ஏறுது. அத என்ன செய்யிற?

வாவிக்கரையான்:
ரவுட்டர் கூடுதலா 12 வோல்ட், சின்னது 5 வோல்ட், நேராக் குத்த ஏலாது. உயத்திற வயர் விக்கிறாங்க, ஆனா ஒரு 7 வாட் ரவுட்டருக்கு ரெண்டு மணித்தியாலம்தான் தாங்கும். கரண்ட் போனா போன்லயே ஹொட்ஸ்பொட் போட்டுத்து அந்தப் போனுக்கு பவர் பேங்க் குடுக்கிறது நல்லம்.

கல்முனை_ரிப்பேர்:
தம்பி, ஊதினத இண்டையோட நிப்பாட்டுங்க, சார்ஜ் ஏறுது எண்டு பாவிக்க வேணாம், படுக்கிற இடத்தில வெக்கவும் வேணாம். ஊதின பைய அமத்தாதீங்க, ஊசியால குத்தாதீங்க. வளவுக்குள்ள குப்பை கொளுத்தக்குள்ள அதுக்குள்ள போட்டுராதீங்க, வெடிச்சி சிதறும், பிள்ளைகள் நிக்கிற இடம். ஒரு பழைய பானைக்குள்ள காஞ்ச மணல் போட்டு அதுக்குள்ள வெச்சி வீட்டுக்கு வெளியால, மழை படாத இடத்தில வையுங்க. கல்முனைப் பக்கம் வாற நேரம் கொண்டாங்க, நான் பழைய போன் பெற்றியளோட சேத்து வெச்சி இ-வேஸ்ட் எடுக்கிற ஆக்கள் வரக்குள்ள குடுக்கிறன். பஸ்ல கொண்டுவராதீங்க, மோட்டர்சைக்கிள்ல வாற நாள் வெயிலுக்கு முதல் காலையில கொண்டாங்க.

படுவான்_பொடியன்:
சரி அண்ணன், ஞாயிறு வெள்ளாப்புல வாறன். கடை எத்தின மணிக்குத் திறப்பீங்க?

கல்முனை_ரிப்பேர்:
எட்டரைக்கு. முந்தி வந்தா பக்கத்து தேத்தண்ணிக் கடையில கேளுங்க, வீடு பின்னுக்குத்தான்.